முகம் நினைவில்லை

செக் நாட்டின் ஆஸ்த்ராவா நகரிலிருந்து கிளம்பும் டிராம் கடைசியாக வந்து திரும்பும் சுரங்க ஊர் அது. அங்கே ஹெர்மீனாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்தேழு வருடம் நர்ஸாக இருந்தவள். கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட யாராவது ஒருவர் தாடி வைத்த மகனை முன்னால் தள்ளி, "சிஸ்டர், இவன் உங்க கையில பொறந்தவன்தான்" என்பார்கள். அவளும் நினைவிருப்பதுபோலத் தலையாட்டுவாள். உண்மையில் ஒரு முகமும் நினைவிருக்காது. அத்தனை பேர்.

கணவன் ஓல்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரல் கெட்டு, ஓய்வூதியத்தை ஆறே வருடம் வாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். மகன் ப்ரனோவில் இருக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வான். நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு, ஜன்னலில் ஜெரேனியம் தொட்டி, வெள்ளிக்கிழமைகளில் கசகசா பூரணம் வைத்த கொலாச் ரொட்டி. அறுபத்தொன்பது வயது வரை ஹெர்மீனாவுக்குத் தன்னைப் பற்றி ஒரு குறையும் தோன்றியதில்லை.

டிராம் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய சுரங்கக் குடியிருப்பில் ரோமாக்கள் இருந்தார்கள். ஊரில் எல்லோரும் ஜிப்ஸிகள் என்றார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள். அவர்கள்மேல் அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. எண்ணமே இருந்ததில்லை என்பதுதான் சரி.

எதிர்வீடு காலியானபோது ஒரு ரோமா குடும்பம் பார்க்க வந்தது. அந்த இளம் மனைவி ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஹெர்மீனாவைப் பார்த்து, "வணக்கம்மா, இனிமே நாம அக்கம் பக்கம்" என்று சிரித்தாள். அடுத்த வாரமே கட்டடத்தில் ஒரு மனு சுற்றி வந்தது. அந்தக் குடும்பம் வேண்டாமாம். மேலே பதினேழு கையெழுத்து இருந்தது. ஹெர்மீனா பதினெட்டாவதாகப் போட்டாள். போடாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை, ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் குடும்பம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் கையில் சுருட்டி வைத்திருந்த அளவு நாடா அவளை விடவில்லை. படியேறும்போதெல்லாம் பூட்டிய எதிர்வீட்டுக் கதவைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் அவள் நூலகத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே ஒரு கூட்டம் நடந்தது. ரோமாக்களுக்கு இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்று படித்துப் பேசுகிற கூட்டம். நடத்தியவள் நூலகர் ப்ளாங்கா. வருகிறவர்கள் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பாதிரியார், ஒரு மருந்துக்கடைக்காரர். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், ரோமா ஒருவர்கூட இல்லை.

ஹெர்மீனா கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் குறிப்பெடுத்தாள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மொராவியப் பகுதி ரோமாக்களை அடைத்து வைத்த முகாமைப் பற்றிப் படித்தாள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கைவிரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள் என்று படித்தபோது அழுதாள். புத்திக் குறைவான பிள்ளைகளுக்கான பள்ளிக்கு நல்ல ரோமா பிள்ளைகளை வரிசையாக அனுப்பிய கதையைப் படித்தபோதும் அழுதாள். அழுதுவிட்டு வீட்டுக்கு வரும்போது மனம் லேசாக இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்றிருந்தது.

குளிர்காலம் தொடங்கும்போது கூட்டத்தார் பழைய கோட்டுகளைச் சேர்த்துக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். கிஸேலா துன்கோவாவை ஹெர்மீனா முதலில் பார்த்தது அங்கேதான். ஐம்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற வேலை. கனமான உடம்பு, கூரான நாக்கு. ஓல்தாவின் கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல பூச்சிக்குண்டு வாசன ஒண்ணுதான் கொறைச்சலா இருந்துச்சு. அதையும் கொண்டாந்துட்டீங்க" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஹெர்மீனாவும் சிரித்தாள்.

"சிரிக்கிறீங்களா? பரவால்லையே" என்றாள் கிஸேலா. "போன வருஷம் வந்தவங்க அழுதாங்க. அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துத் தேத்தி அனுப்பறதுக்குள்ள எங்க பொழுதே போயிடுச்சு."

ப்ளாங்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பேச முடியுமா என்று கேட்டாள். "எதப் பத்தி?" என்றாள் கிஸேலா. எதைப் பற்றி வேண்டுமானாலும் என்றாள் ப்ளாங்கா. கிஸேலா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அன்று நாற்காலியில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பேசினாள்.

"எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. எண்பத்தாறாம் வருஷம், அக்டோபர் மாசம். ரெண்டாவது பிரசவம். குழந்த குறுக்க கெடக்கு, வயித்த அறுத்துத்தான் எடுக்கணும்னுட்டாங்க. வலி உயிர் போவுது. ஊசி வேற போட்டாச்சு, கண்ணு சொருகுது. அப்ப ஒரு தாள நீட்டினாங்க. போட்டேன் கையெழுத்த. என்ன எழுதியிருந்துச்சுன்னு பாக்கற நெலமையா அது? பையன் பொறந்தான். நல்லாத்தான் இருந்தான். அப்புறம் மூணு வருஷமாகியும் வயித்துல ஒண்ணும் தங்கலையேன்னு புருஷனையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஃபைலப் பாத்துட்டு சிரிச்சாரு. 'இனிமே பொறக்காதும்மா. நீதானே கர்ப்பக் குழாயக் கட்டிவிடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்க? இதோ உன் கையெழுத்து.' எம்புருஷன் அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நின்னான். அவன்கிட்ட சொல்லாம நானே போயி இதச் செஞ்சுக்கிட்டேன்னு நெனச்சுட்டான். எவ்வளவோ சொன்னேன். கையெழுத்து என்னுதுதானே. ரெண்டு வருஷம் இருந்தான், அப்புறம் போயிட்டான்."

கிஸேலா தண்ணீர் குடித்தாள்.

"இப்ப அரசாங்கம் நஷ்டஈடு தரோம்னு சட்டம் போட்டிருக்கு. சரின்னு ஆஸ்பத்திரில போயி ஃபைலக் கேட்டா, அப்படி ஒரு ஃபைலே இல்லைங்கறான். பழசெல்லாம் அழிச்சாச்சாம். என் குடும்பத்தக் கெடுக்கறதுக்கு இருந்த தாளு, எனக்கு வேணும்ங்கறப்போ இல்ல."

பாதிரியார், அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட உங்களிடம் மனிதத்தன்மையோடு நடக்கவில்லையா என்று கேட்டார்.

"ஒருத்தி இருந்தா" என்றாள் கிஸேலா. முகம் கொஞ்சம் இளகியது. "ஒரு நர்ஸு. மத்தவளுங்க எல்லாம் எங்களத் தொடறதுக்கே கையுறை தேடுவாளுங்க. இவ வெறுங்கையால என் தலையத் தடவிக் குடுத்தா. 'கண்ணு, ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் வலியும் இல்ல, கவலையும் இல்ல. தூங்கிடலாம்'னா. பாவம், தாள்ல என்ன இருக்குன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. எங்கம்மா செத்தப்புறம் என்னக் கண்ணுன்னு கூப்பிட்டவ அவ ஒருத்திதான்."

ஹெர்மீனா நோட்டை மூடினாள். கிஸேலாவின் முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது. சொல்லுக்குச் சொல் அவளுடையது. அறுவைக்கு முந்தைய அறையில், குடியிருப்பிலிருந்து வந்த பெண்களிடம், அவள் வருடக்கணக்காகச் சொன்ன வாக்கியம். தலைமை நர்ஸ் ல்யூபாவே அதை மெச்சியிருக்கிறாள்: "ஹெர்மீனா கேட்டா கையெழுத்துப் போடாதவ கெடையாது." தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நேராக வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் கொலாச் செய்யவில்லை. இது தப்பு என்று அந்தக் காலத்தில் தனக்கு எப்போதாவது பட்டிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். பட்டிருந்தால் நன்றாயிருக்கும்போல இருந்தது. பட்டதாக நினைவில்லை. டாக்டர் சொன்னார், யார் யாருக்கு என்று சமூகநலத் துறையிலிருந்து பட்டியல் வந்தது, அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். மாலை வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவினாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை ல்யூபாவைத் தேடி ஊருக்கு வெளியே இருந்த அவளுடைய காய்கறித் தோட்டத்துக்குப் போனாள். ல்யூபாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்காலுக்குப் போட்ட மெத்தைமேல் மண்டியிட்டுப் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தாள். ஹெர்மீனா எல்லாவற்றையும் சொன்னாள். நாம் இரண்டு பேரும் சாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

ல்யூபா பூண்டு ஊன்றுவதை நிறுத்தவில்லை. "உனக்கு என்னடி ஆச்சு? புருஷன் போயி பொழுது போகலேன்னா ஒரு நாய் வாங்கி வளத்துக்கோ."

"விளையாடாத ல்யூபா. அந்தப் பொம்பள எதிர்ல உக்காந்து சொல்றா."

"சொல்லட்டும். பதினஞ்சு பிள்ள பெத்து அனாத இல்லத்துல விடறதுக்கு அது எவ்வளவோ மேல். அப்ப எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நீயும்தான் நெனச்ச."

"நான் நெனக்கவே இல்லையே. அதத்தான் சொல்றேன்."

"நெனக்காம செஞ்சதுக்கு இப்ப எதுக்கு நெனக்கணும்?" ல்யூபா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். "எம்பேத்தி அதே வார்டுல டாக்டரா இருக்கா, தெரியும்ல? எம்பேரு பேப்பர்ல வந்தா அவ எப்படி தல நிமிந்து நடப்பா? நீ எழுதிக்கோ. எம்பேரு அதுல இருந்துச்சுன்னா, உன்ன எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"அறுவைப் பதிவேடு ஒண்ணு இருந்துச்சே, பச்ச அட்ட போட்டது?"

"காகித மில்லுல அரைச்சுத் தள்ளியாச்சு. நாந்தான் கட்டிக் குடுத்தேன்." பிறகு தோழிக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்: "அவகிட்ட போயி உளறாதடி. அவ உன்ன நல்லவள்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அத ஏன் கெடுக்கற?"

அதுதான் ஹெர்மீனாவையும் இரண்டு வாரம் தடுத்து வைத்தது. சொன்னால் அந்தப் பெண்ணிடம் இருக்கும் ஒரே நல்ல நினைவும் போய்விடும். சொல்லாவிட்டால் சாட்சி இல்லை. தன் பயத்துக்குத்தான் இரக்கம் என்று பேர் வைக்கிறோமோ என்றும் தோன்றியது. கடைசியில் ஒருநாள் மதியம் டிராம் பாதையைத் தாண்டிப் போனாள்.

கிஸேலா அடுப்பில் தட்டை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "கோட்டு ஆன்ட்டியா, வாங்க" என்று ஒரு நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளினாள். தம்ளரில் காப்பித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தாள். ஹெர்மீனா அதைத் தொடவில்லை. தொட்டால் சொல்ல முடியாது என்றிருந்தது.

"நான் அந்த வார்டுல வேல செஞ்சேன். எண்பத்தாறுல. நீங்க சொன்னீங்களே, கண்ணு, ஒரே ஒரு கையெழுத்துன்னு. அது நாந்தான்."

கிஸேலா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நீங்களா?"

"நாந்தான். தாள்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

ரொட்டி கருக ஆரம்பித்தது. கிஸேலா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஹெர்மீனாவின் கைகளைப் பார்த்தாள். கைகளை மட்டும்தான் பார்த்தாள்.

"என் முகம் ஞாபகம் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வேண்டும் என்பது ஹெர்மீனாவுக்குப் புரியாமல் இல்லை. "இல்ல" என்றாள்.

"அப்ப எப்படி நீதான்னு தெரியும்?"

"அந்த வார்த்த என்னோடது. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன்."

"எல்லார்கிட்டயும்." கிஸேலா அந்தச் சொல்லை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "இத்தன வருஷமா அந்த ரூம்ல ஒரே ஒரு மனுஷி இருந்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ரூம்ல யாருமே இல்ல."

ஹெர்மீனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கிஸேலா கையை உயர்த்தினாள்.

"அதெல்லாம் வேணாம். மன்னிப்பு கேட்டுட்டு நீ நிம்மதியா டிராம் பாதையத் தாண்டிடுவ. போயி எழுது. என்ன செஞ்சியோ அத்தனையும் எழுது. உனக்காக இல்ல, எனக்கு அந்தக் காகிதம் வேணும். காப்பியக் குடிச்சுட்டுப் போ, ஊத்தினது வீணாப் போவுது."

ஹெர்மீனா அதைக் குடித்தாள். அடியில் படிந்த தூள் வரை குடித்தாள்.

வாக்குமூலம் நான்கு பக்கம் வந்தது. பட்டியல் எப்படி வரும், ஊசி எப்போது போடப்படும், தாள் எப்போது நீட்டப்படும் என்று ஒன்று விடாமல் எழுதினாள். ல்யூபாவின் பெயரை எழுதவில்லை. அது சரியா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள்: 'விண்ணப்பதாரரின் முகம் எனக்கு நினைவில்லை, இப்படிப் பலர் இருந்தார்கள்.' தபால் நிலையத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து வாங்கி அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எவ்வளவு துணிச்சல் என்றாள் ஓர் ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஹெர்மீனா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ப்ளாங்கா பின்னாலேயே ஓடிவந்து, "ஏன் போறீங்க, யாரும் உங்களத் தப்பா நெனக்கலையே" என்றாள்.

"அதனாலதான் போறேன்."

அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்குப் போகவில்லை.

செய்தி ஊரில் பரவியது. ரொட்டிக் கடையில் மகன்களை முன்னால் தள்ளுவது நின்றது. தபால் பெட்டியில் 'ஜிப்ஸிகளிடம் எவ்வளவு வாங்கினாய்?' என்று கிறுக்கிய தாள் கிடந்தது. ல்யூபா சந்தையில் நேருக்கு நேர் வந்தும் முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டே போனாள். மகன் போனில், "அம்மா, எதுக்கும்மா இப்ப இதெல்லாம்?" என்றான். பிறகு வானிலை பற்றிப் பேசினான்.

குடியிருப்பிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் வந்து வாக்குமூலம் கேட்டார்கள். கதவருகே நின்றபடியே கேட்டார்கள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நான்கு பேருக்கும் எழுதிக் கொடுத்தாள். நான்கிலும் அதே வரி வந்தது. வேறு மாதிரி எழுத அவளிடம் எதுவும் இல்லை.

பத்து மாதம் கழித்து ப்ராகிலிருந்து பதில் வந்தது. கிஸேலா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக ஹெர்மீனாவின் வீட்டுக்கு வந்தாள். நான்கு மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு நீட்டினாள்.

மருத்துவ ஆவணம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றிருந்தது. சாட்சியின் வாக்குமூலம் பொதுவான நடைமுறையை விவரிக்கிறதே தவிர, விண்ணப்பதாரருக்கு நேர்ந்ததை நிரூபிக்கவில்லை. சாட்சிக்கு விண்ணப்பதாரரை நினைவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஹெர்மீனா இரண்டு தடவை படித்தாள். "அந்த ஒரு வரி" என்றாள்.

"ஆமா, அந்த ஒரு வரி." கிஸேலாவின் குரலில் கோபம்கூட இல்லை. "பொய் சொல்லி சுலபமா என்னக் கையெழுத்துப் போட வச்ச. ஒரு பொய் எனக்காகச் சொல்ல வேண்டிய நேரத்துல உனக்கு உண்ம மேல பாசம் வந்துடுச்சு."

"மேல்முறையீடு பண்ணலாம். பதினஞ்சு நாள் டைம் இருக்கு. நான் மறுபடி எழுதறேன். உங்க முகம் நல்லா ஞாபகம் இருக்குன்னு எழுதறேன். படிவம் ப்ளாங்காகிட்ட இருக்கு, இப்பவே வாங்கிட்டு வரேன். நீங்க ஒரு கையெழுத்து மட்டும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். கிஸேலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுடு சிஸ்டர், ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "வலியும் இல்ல, கவலையும் இல்ல. அதானே?"

கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஹெர்மீனா கூட இறங்கிப் போகவில்லை. போயிருக்க வேண்டுமா, கூடாதா என்று முடிவு செய்வதற்குள் கீழே கதவு மூடிக்கொண்டது.

பதினைந்து நாளும் கடந்தது. கிஸேலா கையெழுத்துப் போடவில்லை. இனி எந்தத் தாளிலும் போடுவதாக இல்லை என்று ப்ளாங்காவிடம் சொன்னாளாம். மற்ற நான்கு பெண்களில் ஒருத்திக்குக் கிடைத்தது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் அவளுடைய பழைய தாள் ஒன்று எலி கடிக்காமல் தப்பியிருந்தது. ஹெர்மீனாவின் எழுத்தால் கிடைத்ததல்ல. மற்ற மூவருக்கும் கிஸேலாவுக்கு வந்த அதே பதில்தான் வந்தது.

அடுத்த வசந்தத்தில் கிஸேலா மகளோடு இருக்க இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். ஹெர்மீனாவுக்கு அதுவே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதே சமயம், ஆவணம் இல்லாதவர்களின் சாட்சியையும் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியிருப்பதாக ப்ளாங்கா செய்தி கொண்டு வந்தாள். கிஸேலா திரும்பவும் விண்ணப்பிக்கலாமோ என்னவோ, கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு போன் எண்ணையும் கொடுத்தாள்.

ஹெர்மீனா மூன்று நாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு காலையில் கூப்பிட்டாள். எடுத்தது மகள். பின்னணியில் குழந்தைகள் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. ஹெர்மீனா தன் பெயரைச் சொன்னதும் மகள் யாரிடமோ தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு குரல் சுருக்கமாக ஏதோ சொன்னது. அது கிஸேலாவின் குரல்தான்.

"அம்மா பேசமாட்டாங்க" என்றாள் மகள்.

"பரவால்ல. ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுங்க. சட்டத்துல இப்ப..."

"அவங்களுக்கு வேணாமாம்." மகள் வைத்துவிடவில்லை. தண்ணீரை நிறுத்துவது கேட்டது. "நான் ஒண்ணு கேக்கலாமா? எங்கம்மா மாதிரி எத்தன பேரு?"

ஹெர்மீனா முப்பதா, அறுபதா, நூறா என்று நினைக்கப் பார்த்தாள். வெள்ளைச் சுவரும், நீட்டிய தாளும், தன் கையும்தான் தெரிந்தன. அதற்கு அப்பால் ஒருத்திகூடத் தெரியவில்லை.

"நான் எண்ணல" என்றாள்.

மகள் தண்ணீரை மறுபடி திறந்துவிடுவது கேட்டது. அப்புறம் போன் துண்டிக்கப்பட்டு அதுவும் இல்லை.